போர் போட்டா தண்ணி நமக்குச் சொந்தமா?



காலையில ஆறரை மணிக்கு ஹாஸ்டல் பின்பக்கம் மோட்டார் ஓடுற சத்தம் உங்க எல்லாருக்கும் பழகியிருக்கும். அந்தச் சத்தம் கேட்டா நிம்மதியா இன்னும் அரை மணி நேரம் தூங்குவோம். கேட்கலைன்னா வாளியைத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். அந்த மோட்டார் எத்தனை அடி ஆழத்திலிருந்து தண்ணீர் எடுக்குது, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் எடுக்குதுன்னு என்னைக்காவது யோசிச்சிருக்கீங்களா? நான் யோசிச்சதில்லை. மூணாம் வருஷம் சிவிலில் நீரியல் பாடம் நடத்தினப்போதான், நான் எட்டாவது படிக்கும்போது எங்க தெருவில் நடந்த ஒரு விஷயம் எனக்குச் சரியாப் புரிஞ்சது. அதைச் சொல்லிட்டு விஷயத்துக்கு வரேன்.

எங்க வீடு வேளச்சேரியில். 2019 கோடை ஞாபகம் இருக்கா? பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டு போன வருஷம். ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகனில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோட ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்ததை டிவியில் எல்லாரும் பார்த்திருப்பீங்க. அந்த வருஷம் மே மாசம் எங்க தெருமுனை அடுக்குமாடியில் 400 அடிக்கு மூணு போர் போட்டாங்க. ராத்திரி பகலா லாரி சத்தம். அடுத்த பத்து, பன்னிரண்டு நாளில் எங்க வீட்டு 140 அடி போர் காத்தை இழுக்க ஆரம்பிச்சது.

அப்பா போய்க் கேட்டார். "எங்க இடத்துல நாங்க போடறோம் சார்"னு பதில் வந்தது. அம்மாவோட வளையல் அடகுக்குப் போச்சு. நாங்களும் 320 அடிக்குப் போர் போட்டோம். தண்ணி வந்தது. அப்பாடான்னு இருந்தது.

அதுக்கு அடுத்த வாரம், எதிர்ப்பக்கம் இஸ்திரி வண்டி வச்சிருக்கிற அண்ணன் குடும்பம் குடியிருக்கிற வரிசை வீட்டின் அடிபம்பு நின்னு போச்சு. அஞ்சு குடும்பத்துக்கும் அது ஒண்ணுதான். அம்மா தினமும் அந்த அக்காவுக்கு நாலு குடம் கொடுத்தாங்க. கொடுக்கும்போதெல்லாம் அந்த அக்கா, "உங்க புண்ணியம்மா"ன்னு சொல்லுவாங்க. அம்மா எதுவும் பேச மாட்டாங்க. நாங்க கொடுத்தது புண்ணியமா, இல்ல அவங்க தண்ணியையே எடுத்து அவங்களுக்குத் திருப்பிக் கொடுத்தோமான்னு எனக்கு இன்னும் தெரியாது. மழை பொய்ச்சதும் ஒரு காரணம், மறுக்கல. ஆனா மழை எல்லாருக்கும்தான் பொய்ச்சது. தண்ணி மட்டும் ஆழமாத் தோண்ட முடிஞ்சவங்களுக்குக் கிடைச்சது.

பூமிக்கு அடியில் காம்பவுண்டு சுவர் இல்லை

"எங்க இடம், எங்க தண்ணி" என்கிற பேச்சு சும்மா வந்ததில்லை. 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்திய வசதியுரிமைச் சட்டம் இன்னைக்கும் நடைமுறையில் இருக்கு. நிலத்துக்கு அடியில், குறிப்பிட்ட வாய்க்கால் எதிலும் ஓடாத தண்ணீரைத் தன் எல்லைக்குள்ள எடுத்துக்கொள்ளும் உரிமை நிலச் சொந்தக்காரருக்கு உண்டுன்னு அதன் 7-ஆம் பிரிவு சொல்லுது. அன்னைக்கு ஏத்தம், கவலை, கயிறும் வாளியும்தான். ஒருத்தர் எவ்வளவு இறைச்சாலும் பக்கத்துக் கிணத்தைக் காலி பண்ண முடியாது. சப்மெர்சிபிள் மோட்டார் வந்த பிறகும் அதே சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறதுதான் சிக்கல்.

பாடத்தில் படிச்சதைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க. போரிலிருந்து தண்ணீர் எடுக்கும்போது அதைச் சுத்தி நீர்மட்டம் கூம்பு மாதிரி கீழே இறங்கும். ஆழமும் வேகமும் கூடக்கூட அந்தக் கூம்பு அகலமாகும். பக்கத்து வீட்டுக் கிணத்தின் அடிப்பகுதி அந்தக் கூம்புக்கு மேலே மாட்டிக்கிட்டா, அந்தக் கிணறு வத்திப் போகும். பட்டாவில் இருக்கிற எல்லைக்கோடு அந்தக் கூம்புக்குத் தெரியாது.

கடலோரத்தில் இன்னும் மோசம். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி மணல் பகுதிகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துக்கிட்டு இருக்கு. அங்கே நல்ல தண்ணீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேலே 1 அடி இருந்தா, கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரைக்கும் நல்ல தண்ணீர் இருக்கும். இதுதான் கைபன்-ஹெர்ஸ்பெர்க் விதி. அப்படின்னா மேலே 1 அடி இறக்கினா, கீழே உப்பு 40 அடி ஏறும்! வட சென்னையில் மீஞ்சூர் பக்கம் இது கணக்கோட நிக்கல, நிஜமாவே நடந்துச்சு. நகரத்துக்காகக் கிணறு கிணறா இறைச்சதில் கடல் நீர் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்துடுச்சு. உப்பு ஏறின இடத்தில் திரும்ப நல்ல தண்ணீர் வர ஒரு நல்ல மழை போதாது. பல வருஷம் ஆகும்.

இதே சென்னையில் கிண்டி, வேளச்சேரி பக்கம் அடியில் பாறை. அங்கே தண்ணீர் பாறைப் பிளவுகளில்தான் நிக்கும். ஒரு பிளவை ரெண்டு போர் தொட்டா, ஒண்ணு ஜெயிக்கும், ஒண்ணு தோக்கும். ஒரே நகரத்தில், அஞ்சாறு கிலோமீட்டர் தள்ளிப் போனா நிலத்தடி நீரின் குணமே மாறுது. அதனாலதான் சொல்றேன், இதுக்கு டெல்லியில் உட்கார்ந்து எழுதுற ஒரே சட்டம் பத்தாது. வார்டுக்கு வார்டு வேற விதி வேணும். உள்ளூர்ச் சட்டம் வேணும்.

சட்டமே இல்லையா? இருக்கு!

இங்கே ஒரு ஆச்சரியம். நிலத்தடி நீருக்குத் தனிச்சட்டம் வச்சிருக்கிற முதல் சில இந்திய நகரங்களில் சென்னையும் ஒண்ணு. 1987-லேயே சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தாச்சு. நகரத்துக்கும் சுத்தியிருக்கிற 200-க்கும் மேற்பட்ட கிராமங்களுக்கும் அது பொருந்தும். புதுசாக் கிணறு தோண்ட அனுமதி வாங்கணும். வீட்டுத் தேவை தவிர வேற எதுக்குத் தண்ணீர் எடுத்தாலும் லைசென்ஸ் வேணும். லாரியில் ஏத்திக்கிட்டுப் போறதுக்கும் லைசென்ஸ் வேணும்.

படிச்சதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. தெருமுனை அடுக்குமாடியின் மூணு போருக்கும் அனுமதி இருந்ததான்னு எங்க தெருவில் ஒருத்தரும் கேட்கலை. கேட்கலாம்னே தெரியாது. அதைவிட முக்கியம், எங்க அப்பாவும் எங்க போருக்கு அனுமதி வாங்கலை. போர் லாரிக்காரர் கேட்கலை, எந்த ஆபீஸும் வந்து பார்க்கலை. சட்டத்தை மீறினோம்னு தெரியாமலே மீறியிருக்கோம்.

மாநிலம் முழுசுக்கும் 2003-ல் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் நிறைவேறுச்சு. பத்து வருஷம் ஒழுங்கா நடைமுறைக்கே வராம இருந்துட்டு, 2013-ல் ரத்தாச்சு. ஆக, சட்டம் எழுதுறதில் நமக்குக் குறை இல்லை. அது பேப்பரை விட்டு இறங்காததுதான் குறை.

ஏன் இறங்கலை? அதிகாரிகள் சரியில்லை, லஞ்சம், அரசியல்னு வழக்கமான பதில்கள் இருக்கு. நான் வேற ஒண்ணு சொல்றேன். இந்தச் சட்டம் அளக்காத ஒண்ணைக் கட்டுப்படுத்தப் பார்க்குது. மெட்ரோ வாட்டர் பகுதிவாரியா நிலத்தடி நீர்மட்டத்தை மாசாமாசம் வெளியிடுது. நல்ல விஷயம். ஆனா யார் எவ்வளவு எடுத்தாங்கங்கிற கணக்கு தெருவில் ஒருத்தருக்கும் தெரியாது. கூட்டுக் கணக்கில் பேங்க் பாஸ்புக் இருக்கு, மீதி எவ்வளவுன்னு தெரியுது, யார் எடுத்தாங்கன்னு மட்டும் பதிவே இல்லைன்னா அந்தக் கணக்கு எத்தனை நாள் தாங்கும்?

மழைநீர்த் தொட்டி சொல்லிக் கொடுத்த பாடம்

"நம்ம ஊர்ல எந்தச் சட்டமும் வேலை செய்யாது மச்சி"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணம் இருக்கு. 2003 ஜூலையில் தமிழ்நாடு அரசு அவசரச் சட்டம் போட்டு, எல்லாக் கட்டடத்திலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம்னு அறிவிச்சது. பழைய வீட்டுக்கும் சேர்த்துத்தான். ரெண்டு, மூணு மாசம்தான் கெடு. செய்யலைன்னா குடிநீர் இணைப்பைத் துண்டிக்கலாம். மாநகராட்சியே அமைச்சுட்டுச் செலவைச் சொத்து வரியோட வசூலிக்கலாம். ஊரே மொட்டை மாடியில் பைப் மாட்டுச்சு. அதுக்குப் பின்னால் வந்த நல்ல மழையில் சென்னையின் பல இடங்களில் கிணத்து மட்டம் ஏறுச்சு, தண்ணீரின் உப்பும் குறைஞ்சது.

அது ஏன் ஜெயிச்சது? கண்ணால பார்க்கலாம். பைப் இருக்கா, இல்லையான்னு பக்கத்து வீட்டுக்காரருக்கே தெரியும். கெடு தேதி இருந்தது. செய்யாட்டி என்ன ஆகும்னு தெளிவா இருந்தது. பலனும் நம்ம கிணத்துக்கே வந்தது.

பலன் எவ்வளவுன்னு ஒரு சின்னக் கணக்கு போடுவோம். சென்னைக்கு வருஷச் சராசரி மழை சுமார் 1,400 மி.மீ. 100 சதுர மீட்டர் மாடி, 80 சதவீதம் உள்ளே போகுதுன்னு வச்சா 1,12,000 லிட்டர். ஆளுக்கு 135 லிட்டர்னு நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 540 லிட்டர். வகுத்துப் பாருங்க, 200 நாளுக்கு மேல வருது. 12,000 லிட்டர் லாரி கணக்கில் ஒன்பது லோடு.

ஆனா அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. பைப் இருக்கான்னு பார்த்தாங்க. பைப்பின் மறுமுனையில் தண்ணி உள்ளே இறங்குதான்னு அப்புறம் யாரும் பார்க்கலை. எங்க வீட்டுத் தொட்டியை 2019-ல் திறந்தப்போ மேல் வரைக்கும் சேறு, நடுவில் ஒரு கிரிக்கெட் பந்து. ஜல்லியையும் மணலையும் ரெண்டு, மூணு வருஷத்துக்கு ஒரு தடவை எடுத்துக் கழுவணும்னு எங்களுக்குத் தெரியலை. ஒரு தடவை அளந்துட்டு விட்டுடுற சட்டமும் இப்படித்தான் அடைச்சுக்கும்.

இன்னொண்ணு, மழைநீர் சேகரிப்பு வரவு மட்டும்தான். எடுக்குற பக்கம் கட்டுப்பாடு இல்லைன்னா, நாலு வீட்டின் மழையை ஒரே ஆழ்துளை போர் உறிஞ்சிட்டுப் போயிடும்.

எடுக்குறதுக்குக் கட்டணமா?

எடுக்குறதைக் குறைக்க முடியும்னு காட்டின ஊர் பாங்காக். அங்கே அளவில்லாம இறைச்சதில் 1980-களின் தொடக்கத்தில் சில இடங்களில் நிலமே வருஷத்துக்கு 10 செ.மீ. வரை அமுங்குச்சு. 1977-ல் நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டாங்க. 1985-லிருந்து மீட்டர் வச்சுக் கட்டணம் வாங்கினாங்க. முதலில் கன மீட்டருக்கு 1 பாட்தான், யாரும் கவலைப்படலை. கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, அதுக்கு மேல பாதுகாப்புக் கட்டணமும் சேர்த்து, 2000-க்குப் பிறகு போர்த் தண்ணி குழாய்த் தண்ணியைவிட விலை கூடினப்போதான் தொழிற்சாலைகள் குழாய்க்கு மாறுச்சு. நிலம் அமுங்குறதும் வெகுவாக் குறைஞ்சது. ரெண்டு விஷயத்தைக் கவனிங்க. மீட்டர் முதலில் வந்தது. குழாயும் கூடவே வந்தது. குழாய் கொடுக்காம போரை மூடுன்னு சொன்னா எந்த ஊரிலும் எடுபடாது.

வீட்டில் இதைப் பேசினப்போ அப்பாவுக்குக் கோபம் வந்துடுச்சு. "என் காசைப் போட்டுத் தோண்டினேன். குழாயில வாரத்துக்கு ரெண்டு நாள் தண்ணி விடுறவங்களுக்கு நான் கட்டணம் கட்டணுமா? நாளைக்கு இன்னொரு இன்ஸ்பெக்டர், இன்னொரு மாமூல்"ன்னார். அவர் கோபம் நியாயமானது. பதில் சொல்லாம விட முடியாது.

முதல் பதில்: வீட்டுக்கு ஆகிற அளவுக்குக் கட்டணம் கூடாது. நாலு பேருக்கு 540 லிட்டர்னு பார்த்தோமே, அது வரைக்கும் இலவசம். அதுக்கு மேல போறவங்களுக்கு, குறிப்பா விற்கிறவங்களுக்கும் வணிகக் கட்டடங்களுக்கும், கரண்ட் பில் மாதிரி படிப்படியா ஏறணும்.

ரெண்டாவது பதில்: மாமூலுக்கு மருந்து கணக்கை ஊரறிய வைக்கிறது. இன்ஸ்பெக்டர் நோட்டில் மட்டும் இருக்கிற எண்ணைத்தான் மாத்த முடியும். வார்டு ஆபீஸ் பலகையில் எழுதிப் போட்ட எண்ணை எதிர்வீட்டுக்காரர் பார்ப்பார்.

மூணாவது, என் மனசில் ரொம்ப நாளா இருக்கிறது: சட்டம் வந்தா ஏழைதான் கஷ்டப்படுவான்னு சொல்றாங்க. சட்டம் இல்லாத எங்க தெருவில் கஷ்டப்பட்டது யார்? 400 அடி போட முடிஞ்சவங்க தப்பிச்சாங்க. வளையல் இருந்தவங்க தப்பிச்சோம். அடிபம்புக்காரங்கதான் குடத்தோட நின்னாங்க.

நான் கேட்கிற சட்டம்

பெரிசா ஒண்ணுமில்லை. இருக்கிற 1987 சட்டத்துக்கு வார்டு அளவில் கை, கால் வைக்கணும். அவ்வளவுதான்.

முதலாவது, அடுக்குமாடி, ஹோட்டல், மருத்துவமனை, கல்லூரி, தண்ணீர் லாரி நிரப்புற இடம், எல்லாப் போருக்கும் மீட்டர். தனி வீடுகளுக்கு இப்போதைக்குப் பதிவு மட்டும் போதும்.

ரெண்டாவது, போருக்குப் போர் இடைவெளியும் ஆழ வரம்பும் அந்தந்தப் பகுதி மண்ணைப் பார்த்து வைக்கணும். திருவான்மியூர் மணலுக்கு ஒண்ணு, வேளச்சேரிப் பாறைக்கு ஒண்ணு.

மூணாவது, மழைநீர்த் தொட்டியை வருஷா வருஷம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால, செப்டம்பரில், தண்ணி ஊத்திச் சோதிக்கணும்.

நாலாவது, வசூலாகிற கட்டணம் அந்த வார்டிலேயே தங்கணும். முதல் செலவு, குழாய் இல்லாத தெருவுக்குக் குழாய்.

இதைக் கேட்க இடமும் இருக்கு. 2022-ல் நகரங்களுக்கு வார்டு கமிட்டி, பகுதி சபை விதிகள் வந்தாச்சு. ஆனா கேட்க இடம் இருந்தா மட்டும் போதாது, அதிகாரமும் எழுத்தில் இருக்கணும். கேரளாவில் பெருமாட்டிப் பஞ்சாயத்து 2003-ல் பிளாச்சிமடை குளிர்பான ஆலைக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துச்சு. நிலத்தடி நீர் பொதுச்சொத்துன்னு உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி அதே வருஷம் சொன்னார். 2005-ல் அதே நீதிமன்றத்தின் டிவிஷன் பெஞ்ச், நிலச் சொந்தக்காரரின் உரிமையைச் சொல்லி அதை மாத்திடுச்சு. மக்கள் எதிர்ப்பில் ஆலை 2004-ல் மூடினது மூடினதுதான். ஆனா சட்டத்தில் அந்தப் பஞ்சாயத்தின் கை பலமா இல்லைங்கிறதை அந்த வழக்கு காட்டிடுச்சு. நம்ம வார்டுகளுக்கு அந்தக் கை பலத்தைச் சட்டமே கொடுக்கணும்.

சரி, நாம என்ன செய்ய?

நாம இன்ஜினியரிங் படிக்கிறோம். அளக்கிறது நம்ம வேலை. கிணத்து மட்டம் பார்க்க டேப்பில் சாக்பீஸ் தடவி இறக்கினா போதும், நனைஞ்ச இடம் சொல்லிடும். தண்ணி மீட்டர் இல்லையா? மோட்டாருக்குத் தனி கரண்ட் மீட்டர் இருந்தாலே கணக்கு போடலாம். 100 மீட்டர் ஆழத்திலிருந்து, மோட்டாரும் பம்ப்பும் சேர்ந்த திறன் 40 சதவீதம்னு வச்சா, 1 யூனிட் கரண்ட்டுக்கு சுமார் 1,450 லிட்டர் மேலே வரும். சிவில், இ.இ.இ., சி.எஸ்.இ. மூணு துறையும் சேர்ந்தா ஒரு மினி ப்ராஜெக்ட். நம்ம காலேஜைச் சுத்தியும் ஊர் இருக்கு, அங்கேயும் அடிபம்பு இருக்கு. நம்ம மோட்டார் கூம்பு எது வரைக்கும் போகுதுன்னு தெரியாம, அடுத்தவங்களைச் சட்டத்துக்குக் கட்டுப்படுன்னு சொல்ற தகுதி நமக்கு இல்லை.

எங்க தெரு அடிபம்பு இன்னும் அங்கேயேதான் இருக்கு. 2021 மழைக்கு அப்புறம் தண்ணி மேலே வந்திருக்கலாம். ஆனா அதுக்குள்ள கைப்பிடியை யாரோ கழட்டிட்டுப் போயிட்டாங்க. அந்த அக்கா குடும்பம் வீடு மாறிப் போயிடுச்சு.

அதனால இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்க. ஹாஸ்டலோ வீடோ, பொறுப்பில் இருக்கிறவங்ககிட்ட மூணே கேள்வி கேளுங்க: நம்ம போர் எத்தனை? எத்தனை அடி? ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர்? பதில் கிடைச்சா நம்ம இதழுக்கு எழுதி அனுப்புங்க. "தெரியாதுப்பா"ன்னு சொன்னா, அதையும் எழுதி அனுப்புங்க. அடுத்த இதழில் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுவோம்.